அழகான காட்சிக்குள் இருக்கும் வரலாறு: அயர்லாந்தின் கிராமப்புறங்கள்

ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில், அட்லாண்டிக் பெருங்கடலில் இருக்கும் தீவு அயர்லாந்து. பரப்பளவு ஏறத்தாழ 84,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் இது மூன்றில் இரண்டு பங்கு. தீவின் பெரும்பகுதி அயர்லாந்துக் குடியரசு. வடகிழக்கு மூலை மட்டும் வடக்கு அயர்லாந்து என்னும் பெயரில் ஐக்கிய இராச்சியத்தோடு உள்ளது. கடல் காற்று ஆண்டு முழுவதும் மழையைக் கொண்டுவருகிறது. கடும் குளிரும் இல்லை, கடும் வெயிலும் இல்லை. அதனால் புல் எப்போதும் பசுமையாக இருக்கிறது. 'மரகதத் தீவு' என்ற பெயர் வந்ததும் இதனால்தான்.

நாள்காட்டிகளிலும் கணினித் திரைகளிலும் இத்தீவின் படங்களைப் பார்த்திருப்போம். பச்சை மலைச்சரிவு, கல்லடுக்குச் சுவர்கள், கூரை இல்லாத ஒரு கல்வீடு, மேய்ந்துகொண்டிருக்கும் ஆடுகள். இந்தப் படத்தைப் பார்க்கும் மாணவர் ஒருவர், "அங்கே ஆட்களே இல்லையே, ஏன்?" என்று கேட்டால் அது மிக நல்ல கேள்வி. அந்தச் சுவரைக் கட்டியவர் யார், அந்த வீட்டில் இருந்தவர் எங்கே போனார் என்று கேட்டுக்கொண்டே போனால் காட்சியே பாடமாகிவிடும். அப்படிக் கேட்டுப் பார்க்கத்தக்க சில இடங்களை இக்கட்டுரை அறிமுகம் செய்கிறது. நம்மில் பெரும்பாலோர் அங்கே நேரில் போக வாய்ப்பில்லை. ஆனாலும் ஒரு நிலப்பரப்பை எப்படிப் படிப்பது என்பதற்கு அயர்லாந்து நல்ல எடுத்துக்காட்டு.

நியூகிரேஞ்ச்: ஒளி நுழையும் கல்லறை

தலைநகர் டப்ளினுக்கு வடக்கே, மீத் மாவட்டத்தில் பாய்ன் ஆற்றின் வளைவில் ஒரு பெரிய வட்டமான மண்மேடு இருக்கிறது. பெயர் நியூகிரேஞ்ச். குறுக்களவு சுமார் 85 மீட்டர். சுற்றிலும் 97 பெரிய கற்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றில் பலவற்றில் சுருள்களும் சாய்சதுரங்களும் செதுக்கப்பட்டிருக்கின்றன. உள்ளே 19 மீட்டர் நீளமுள்ள குறுகலான கல் வழி. அதன் முடிவில் ஓர் அறை. இறந்தவர்களின் எரிந்த எலும்புகள் அங்கே கிடைத்தன. கட்டப்பட்ட காலம் கி.மு. 3200 அளவில். எகிப்தின் கிசா பிரமிடுகளைவிட ஏறத்தாழ 500 ஆண்டுகள் பழமையானது.

1699இல் நிலத்தின் உரிமையாளர் கல் எடுக்க ஆட்களை அனுப்பியபோதுதான் வாசல் மீண்டும் வெளிப்பட்டது. அதற்குப் பிறகும் நெடுங்காலம் இது வெறும் பழங்கல்லறையாகவே கருதப்பட்டது. 1962 முதல் இங்கே அகழாய்வு செய்தவர் கார்க் பல்கலைக்கழகக் கல்லூரிப் பேராசிரியர் எம். ஜே. ஓ'கெல்லி. வாசலுக்கு மேலே பெட்டி போன்ற ஒரு திறப்பு இருப்பதை அவர் கண்டார். அதன் பயன் என்ன என்று முதலில் விளங்கவில்லை. ஆண்டில் ஏதோ ஒரு நாளில் சூரியன் உள்ளே இருக்கும் சுருள் கல்லைத் தொடும் என்று ஒரு பேச்சு மக்களிடையே வழங்கி வந்தது. நேரில் பார்த்தவர் என்று ஒருவரும் இல்லை. ஓ'கெல்லி அந்தப் பேச்சைத் தள்ளிவிடவில்லை. 1967 டிசம்பர் 21, ஆண்டின் மிகக் குறுகிய பகல் கொண்ட நாளையொட்டி, விடியும் முன்பே உள்ளே போய்க் காத்திருந்தார். சூரியன் எழுந்த சில நிமிடங்களில் மெல்லிய ஒளிக்கோடு ஒன்று அந்தத் திறப்பின் வழியே நுழைந்து, தரையில் ஊர்ந்து, அறையின் கடைசி வரை வந்தது.

இன்றும் டிசம்பர் 21ஐ ஒட்டிய சில நாள்களில் இந்த ஒளி சுமார் 17 நிமிடங்கள் உள்ளே நிற்கிறது. இதைக் காண விரும்புவோர் மிகப் பலர், அறையோ சிறியது. எனவே குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வானம் மேகமூட்டமாக இருந்தால் தேர்வானவர்களுக்கும் ஒளி கிடைக்காது. 1993 முதல் இவ்விடம் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளது.

எழுத்து இல்லாத காலத்து உழவர்கள் சூரியனின் ஆண்டுச் சுழற்சியை இவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தார்கள். பகல் குறைந்துகொண்டே வந்து மீண்டும் வளரத் தொடங்கும் நாள் அவர்களுக்கு முக்கியமான நாள். பருவங்கள் பற்றிய பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைப்பது அரிது.

கேஜே வயல்கள்: ஓர் ஆசிரியர் கவனித்த சுவர்

மேயோ மாவட்டத்தின் வடக்குக் கடற்கரையில் மரமில்லாத, கருமையான சதுப்பு நிலம் பரந்து கிடக்கிறது. குளிரும் ஈரமும் மிகுந்த இடங்களில் இறந்த பாசியும் புல்லும் முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகப் படியும். இதற்குப் பீட் என்று பெயர். ஊர் மக்கள் இதைச் செங்கல் அளவில் வெட்டி, காயவைத்து, அடுப்பில் எரித்து வந்தார்கள்.

பெல்டெரிக் என்னும் சிற்றூரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் பேட்ரிக் கால்ஃபீல்ட். 1930களில் பீட் வெட்டும்போது அடியில் கற்குவியல்கள் தட்டுப்படுவதை அவர் கவனித்தார். கற்கள் சிதறிக் கிடக்கவில்லை, வரிசையாக இருந்தன. அவை பீட்டின் நடுவிலும் இல்லை. அதற்கு அடியில் உள்ள பழைய மண்ணின் மேல் நின்றன. அப்படியானால் சதுப்பு உருவாகும் முன்பே இங்கே மனிதர் சுவர் எழுப்பியிருக்க வேண்டும் என்று அவர் முடிவுக்கு வந்தார். டப்ளினில் உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்கும் எழுதினார். உடனே பெரிதாக எதுவும் நடக்கவில்லை.

அவருடைய மகன் ஷேமஸ் கால்ஃபீல்ட் தொல்லியல் படித்து, 1970களில் அந்தக் கேள்வியை மீண்டும் கையில் எடுத்தார். அவர் பயன்படுத்திய கருவி எளிமையானது: ஒரு நீளமான இரும்புக் கம்பி. பீட்டுக்குள் அதைச் செருகினால் வெறும் நிலமாக இருக்கும் இடத்தில் ஆழமாக இறங்கும். சுவர் இருக்கும் இடத்தில் முன்பே தட்டி நிற்கும். தட்டிய இடங்களில் மூங்கில் குச்சி நட்டுக்கொண்டே போனபோது, தோண்டாமலேயே சுவர்களின் வரைபடம் தரையில் தெரிந்தது. கிலோமீட்டர் கணக்கில் நீளும் இணைச் சுவர்கள், குறுக்குச் சுவர்கள், அவற்றுக்கிடையே வயல்கள். புதிய கற்கால மக்களின் இந்த வயல் அமைப்பு 5,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டது எனக் கணிக்கப்பட்டது. காலத்தைத் துல்லியமாக வரையறுப்பதில் ஆய்வாளர்களிடையே விவாதமும் உண்டு.

இன்று பார்ப்பவருக்கு அது மனிதர் தொடாத காட்டுநிலம் போலத் தோன்றும். உண்மையில் அது மூடிப்போன வேளாண் நிலம். இதைக் கண்டறியத் தொடக்கமாக இருந்தது தம் ஊர் மண்ணைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஆசிரியரின் கண்.

பர்ரன், மோஹர்: கல்லும் கடலும்

மேற்கே கிளேர் மாவட்டத்தில் பர்ரன் என்னும் சுண்ணாம்புக்கல் வெளி உள்ளது. ஐரிஷ் மொழியில் இப்பெயருக்குக் கல் நிறைந்த இடம் என்று பொருள். 30 கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் இந்த நிலம் வெப்பமண்டலக் கடலின் அடியில் இருந்தது. கடல் உயிர்களின் ஓடுகள் படிந்து பாறையாயின. பின்னர் பனியுகத்தில் பனிப்பாறைகள் நகர்ந்து நிலத்தைச் சுரண்டின. பாறை விரிசல்களில் மழைநீர் இறங்கி அவற்றை அகலமாக்கியது. அந்த விரிசல்களில் ஆர்க்டிக் பகுதிச் செடியும் மத்தியதரைக் கடல் பகுதிச் செடியும் அருகருகே பூக்கின்றன.

இங்குள்ள உழவர்களின் வழக்கம் விந்தையானது. மற்ற மலைநாடுகளில் கோடையில் மாடுகளை மலைக்கு ஓட்டுவார்கள். பர்ரனில் குளிர்காலத்தில் ஓட்டுகிறார்கள். சுண்ணாம்புக்கல் கோடையின் வெப்பத்தைத் தேக்கி வைத்துக்கொள்கிறது. நீர் தேங்காததால் தரையும் உலர்வாக இருக்கிறது. மாடுகள் குளிர்காலத்தில் காய்ந்த புல்லைத் தின்றுவிடுவதால், வசந்தத்தில் சிறு பூச்செடிகளுக்கு வெளிச்சம் கிடைக்கிறது. பர்ரனின் பூக்களைப் புகழ்பவர்கள் இந்த மாடுகளையும் அவற்றை மேய்ப்பவர்களையும் மறந்துவிடக் கூடாது.

இந்தக் கல்வெளியின் நடுவில் போல்நபுரோன் கல்திட்டை நிற்கிறது. நிமிர்த்திய கற்களின் மேல் சாய்வாக ஒரு பெரிய பலகைக்கல். 1980களில் நடந்த அகழாய்வில் 30க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் இங்கே கிடைத்தன. இதுவும் 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்டதே.

பர்ரனின் தென்மேற்கு எல்லையில் மோஹர் செங்குத்துப் பாறைகள் கடலை நோக்கி நிற்கின்றன. மணற்கல்லும் களிப்பாறையும் மாறி மாறி அடுக்கியிருப்பது வெளிப்படையாகத் தெரியும். மிக உயர்ந்த இடத்தில் 214 மீட்டர். அந்த உயரத்துக்கு அருகே ஒரு வட்டக் கோபுரம் இருக்கிறது. வருகிறவர்கள் காட்சியைப் பார்ப்பதற்காக 1835இல் கார்னீலியஸ் ஓ'பிரையன் என்னும் நிலக்கிழார் கட்டியது. அந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்வோம். அதற்குப் பத்தே ஆண்டுகளில் அயர்லாந்தில் பஞ்சம் தொடங்கியது.

கிளென்டலாக்: பெயரே விளக்கம்

டப்ளினுக்குத் தெற்கே விக்லோ மலைகளில் பனியாறு குடைந்த ஒரு பள்ளத்தாக்கு. அதில் இரண்டு ஏரிகள். 6ஆம் நூற்றாண்டில் கெவின் என்னும் துறவி இங்கே தங்கினார் என்பது மரபு. பின்னர் இது பெரிய மடமாகவும் கல்விக்கூடமாகவும் வளர்ந்தது. இடிந்த தேவாலயங்களுக்கு நடுவே 30 மீட்டர் உயரமுள்ள உருளைக் கோபுரம் இன்றும் உறுதியாக நிற்கிறது. அதன் வாசல் தரைமட்டத்தில் இல்லை. சுமார் மூன்றரை மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். இத்தகைய கோபுரங்களுக்கு ஐரிஷ் மொழியில் மணிவீடு என்று பெயர். மணி அடிக்கவும், மடத்தின் அரிய பொருள்களைப் பாதுகாக்கவும் பயன்பட்டிருக்க வேண்டும்.

கிளென்டலாக் என்ற பெயரைப் பிரித்துப் பார்க்கலாம். 'கிளென்' பள்ளத்தாக்கு; 'டா' இரண்டு; 'லாக்' ஏரி. இரண்டு ஏரிகளின் பள்ளத்தாக்கு. அயர்லாந்தின் ஊர்ப்பெயர்கள் பலவும் இப்படிப்பட்டவை. 'கில்' என்று தொடங்கினால் அங்கே ஒரு தேவாலயம் இருந்திருக்கும்; 'டன்' என்றால் கோட்டை; 'நாக்' என்றால் குன்று; 'டெரி' என்றால் கருவாலித் தோப்பு. தோப்பு வெட்டப்பட்டுப் பல நூற்றாண்டு ஆன பிறகும் பெயர் அதை நினைவில் வைத்திருக்கிறது. 1824இல் தொடங்கிய ஆங்கில அரசின் நில அளவையில் இப்பெயர்கள் ஆங்கில ஒலிக்கேற்ப எழுதப்பட்டன. அளவைத் துறையில் பணியாற்றிய ஜான் ஓ'டோனவன் என்னும் அறிஞர் ஊர் ஊராக நடந்து, முதியவர்களிடம் கேட்டு, மூல வடிவங்களைக் குறித்துவைத்தார். அவர் கேட்காமல் விட்டிருந்தால் பல பெயர்களின் பொருளே தொலைந்திருக்கும்.

வாய்ப்பிருப்பவர்கள் பார்க்க வேண்டிய வேறு மூன்று இடங்களையும் குறிப்பிட வேண்டும். கடலுக்குள் 12 கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் ஸ்கெலிக் மைக்கேல் பாறைத்தீவில், 600க்கும் மேற்பட்ட கற்படிகள் ஏறினால் துறவிகள் சாந்தில்லாமல் கட்டிய தேன்கூடு வடிவக் குடில்களைக் காணலாம். டிப்பரரி சமவெளியில் ஒற்றைப் பாறைமேல் நிற்கும் கேஷல், முதலில் மன்னர்களின் இருப்பிடம். 1101இல் தேவாலயத்துக்குக் கொடுக்கப்பட்டது. வடக்கு அயர்லாந்தின் கடற்கரையில் 'ஜயன்ட்ஸ் காஸ்வே' என்னும் இடத்தில் ஏறத்தாழ 40,000 பசால்ட் தூண்கள் உள்ளன. பெரும்பாலானவை அறுகோண வடிவம். எரிமலைக் குழம்பு குளிர்ந்து சுருங்கியதால் விழுந்த வெடிப்புகள் இவை. கோடையில் வற்றிய ஏரியின் வண்டல் பாளம் பாளமாக வெடிப்பதைப் பார்த்த மாணவருக்கு இதை விளக்குவது எளிது.

ஆளில்லாத மலைச்சரிவுகள்

முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது வருவோம். ஏன் ஆட்கள் இல்லை?

1840களில் அயர்லாந்தின் உழவர் குடும்பங்கள் பலவும் சிறு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருந்தன. விளைந்த தானியம் வாடகைக்குப் போய்விடும். குடும்பம் உண்டது உருளைக்கிழங்கு. மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அதை மட்டுமே நம்பி வாழ்ந்தனர். அதிலும் பெரும்பாலும் 'லம்பர்' என்ற ஒரே வகைக் கிழங்கு. 1845இல் பைட்டோப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ் என்னும் நுண்ணுயிரால் கருகல் நோய் பரவியது. ஒரே வகை என்பதால் எதிர்த்து நிற்கக்கூடிய செடியே இல்லை. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் கிழங்கு அழுகியது. அதே காலத்தில் தானியமும் கால்நடையும் துறைமுகங்கள் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தன. நோய் இயற்கையால் வந்தது. பஞ்சம் அவ்வளவு கொடுமையானதற்கு நில உடைமையும் அரசின் கொள்கையும் காரணம்.

சுமார் 10 லட்சம் பேர் இறந்தனர். 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேறினர். 1841இல் 82 லட்சத்தை நெருங்கிய மக்கள்தொகை, 1851இல் 66 லட்சத்துக்கும் கீழே போனது. குடிபெயர்வு அதோடு நிற்கவில்லை. இன்றும் முழுத் தீவின் மக்கள்தொகை ஏறத்தாழ 70 லட்சம்தான். 1841இன் எண்ணிக்கையை அது இன்னும் எட்டவில்லை.

இந்த வரலாறு நிலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. மேற்கு மாவட்டங்களின் மலைச்சரிவுகளில், மாலை வெயில் சாய்வாக விழும்போது, புல்லுக்கு அடியில் வரிவரியான மேடுகள் தெரியும். அவை உருளைக்கிழங்கு நட்ட பழைய மேட்டுப்பாத்திகள். பிறகு யாரும் அங்கே உழவில்லை. சில மலைப்பாதைகள் எங்கும் போய்ச் சேராமல் நடுவழியில் முடிந்துவிடுகின்றன. பசித்தவர்களுக்குக் கூலி கொடுப்பதற்காகவே போடப்பட்ட பஞ்சகாலச் சாலைகள் அவை. அகில் தீவில் ஸ்லீவ்மோர் மலையடியில், ஒரே தெருவாக நீளும் ஏறத்தாழ 80 முதல் 100 கல்வீடுகள் கூரையின்றி நிற்கின்றன. பஞ்சம், நிலக்கிழார்களின் வெளியேற்றம், குடிபெயர்வு எல்லாம் சேர்ந்து அந்த ஊரைக் காலி செய்தன.

மேயோ மாவட்டத்தின் டூலாக் பள்ளத்தாக்கு அந்நாட்டின் மிக அழகான சாலைகளில் ஒன்று. 1849 மார்ச் இறுதியில், லூயிஸ்பர்க் ஊரில் நிவாரணம் கேட்டு நின்ற நூற்றுக்கணக்கானோர், அதிகாரிகளைப் பார்க்க சுமார் 19 கிலோமீட்டர் தொலைவில் உள்ள டெல்ஃபி மாளிகைக்கு வரச் சொல்லப்பட்டனர். கடுங்குளிரில் நடந்து போனார்கள். அங்கே உதவி கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் பலர் இறந்தனர். இன்று அந்தச் சாலையோரம் ஒரு நினைவுக்கல் நிற்கிறது. அதில் காந்தியடிகளின் சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஆண்டுதோறும் மக்கள் அந்த வழியே நினைவு நடை போகிறார்கள்.

இந்தியாவுக்கும் இவ்வரலாற்றில் தொடர்பு உண்டு. அயர்லாந்துக்கு வெளியே இருந்து முதலில் வந்த பெரிய உதவிகளில் ஒன்று கல்கத்தாவில் திரட்டப்பட்டது: 1846இல் ஏறத்தாழ 14,000 பவுண்டு. இன்னொரு தொடர்பு நம் சென்னையோடு. லண்டன் கருவூலத்தில் இருந்து நிவாரணச் செலவை இறுக்கிப் பிடித்தவர் சார்லஸ் டிரெவெல்யன். அதிகம் உதவினால் மக்கள் சோம்பிப்போவார்கள் என்ற கருத்து உடையவர். அவரே 1859இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தார். சென்னையின் பீப்பிள்ஸ் பார்க் அவர் காலத்தில் உருவானது.

மாணவர்கள் எழுதிய வரலாறு

இத்தனை இடங்களின் கதைகளும் ஊர்ப்பேச்சுகளும் காப்பாற்றப்பட்டதில் பள்ளிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 1937 முதல் 1939 வரை ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம் தொடக்கப் பள்ளிகளின் துணையை நாடியது. ஆசிரியர்களுக்கு 55 தலைப்புகள் கொண்ட கையேடு தரப்பட்டது: ஊர்க்கதைகள், கைவைத்தியம், புனிதக் கிணறுகள், விளையாட்டுகள், பழைய பள்ளிகள், பஞ்சகாலம். உயர் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோரிடமும் தாத்தா பாட்டியிடமும் அண்டை வீட்டு முதியவர்களிடமும் கேட்டு எழுதிவந்தார்கள். சொன்னவர் பெயரையும் ஊரையும் குறித்தார்கள்.

சுமார் 5,000 பள்ளிகள். சுமார் 50,000 பிள்ளைகள். கிடைத்தவை ஏறத்தாழ 7,40,000 பக்கங்கள். 1937இல் 80 வயதான ஒருவரின் பெற்றோர் பஞ்சத்தை நேரில் கண்டவர்கள். இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டு தாமதித்திருந்தால் அந்த முதியவர்கள் இருந்திருக்க மாட்டார்கள். கோணல்மாணலான கையெழுத்தில் பிள்ளைகள் எழுதிய அந்தப் பக்கங்களை இன்று உலகின் எந்த மூலையில் இருந்தும் இணையத்தில் படிக்கலாம். வரலாற்று ஆய்வாளர்கள் அவற்றைச் சான்றாகப் பயன்படுத்துகிறார்கள்.

வகுப்பறையில் செய்து பார்க்க

தொடக்க வகுப்புகளில் ஓர் இயற்கைக் காட்சிப் படத்தைக் காட்டி இரண்டு கேள்விகள் கேட்கலாம். இதில் மனிதர் செய்தவை எவை? முன்பு இருந்து இப்போது இல்லாதவை எவையாக இருக்கலாம்? அயர்லாந்தின் கல்சுவர்ப் படம் இதற்கு மிகப் பொருத்தம்.

அறிவியல் வகுப்பில், ஒரே வகைப் பயிரை மட்டும் நம்புவதன் ஆபத்தை விளக்க லம்பர் கிழங்கு போதும். சமூக அறிவியலில் 1841, 1851, இன்றைய மக்கள்தொகை ஆகிய மூன்று எண்களைக் கரும்பலகையில் எழுதி, இடையில் என்ன நடந்திருக்கும் என்று மாணவர்களையே ஊகிக்கச் சொல்லலாம். இரும்புக் கம்பியால் சுவரைக் கண்டறியும் முறையை ஒரு மணல் தொட்டியில் செங்கற்களைப் புதைத்துச் செய்து காட்டலாம். குச்சி நடும் வேலையை மாணவர்களே செய்யட்டும். வரிசை தெரியத் தொடங்கும்போது அவர்கள் முகம் மாறுவதைக் காணலாம்.

உயர்நிலை வகுப்பு மாணவர்களுக்கு அந்த 1937ஆம் ஆண்டுப் பணியையே தரலாம். ஒரு மாணவர், ஒரு முதியவர், ஒரு கேள்வி, ஒரு பக்கம். சொன்னவரின் பெயர், வயது, ஊர், தேதி கட்டாயம். சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும், அழகுபடுத்தக் கூடாது. இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுத வேண்டும். எது சரி என்று அன்றே தீர்ப்பு சொல்ல வேண்டியதில்லை. நியூகிரேஞ்சில் யாரும் பார்க்காத ஒளியைப் பற்றிய பேச்சு உண்மையாக இருந்ததே. எழுதிய தாள்களைத் தேர்வு முடிந்ததும் கழித்துவிடாமல் கட்டுப்போட்டுப் பள்ளி நூலகத்தில் வைக்க வேண்டும்.

பேட்ரிக் கால்ஃபீல்ட் எழுதிய கடிதத்துக்கு உரிய பயன் கிடைக்க 40 ஆண்டுகள் ஆயின. ஆனால் அவர் கவனித்ததைக் குறித்துவைத்தார். இன்று நம் மாணவர் எழுதிவரும் ஒரு பக்கத்தின் மதிப்பும் நாளைதான் தெரியக்கூடும். கேட்டு எழுத வேண்டிய முதியவர்கள் இருக்கும்போதே அதைத் தொடங்கிவிடுவோம்.